லீலாபாய் சொன்ன சாட்சி

ரோஸ் பிலாய்க்கு ரயில் ஏறியது 2001-ஆம் ஆண்டு மே மாதத்தின் கடைசிச் செவ்வாய்க்கிழமை காலையில். மழை இன்னும் இறங்கவில்லை. இறங்கப்போகிறது என்ற புழுக்கம் மட்டும் இருந்தது. திருவனந்தபுரத்தில் தம்பானூர் ஸ்டேஷனில் பாதிப்பேர் செய்தித்தாளை மடித்து விசிறிக்கொண்டிருந்தார்கள். பாப்பனங்கோட்டுப் பக்கத்துச் சின்னத் தமிழ்ச் சபையிலிருந்து ஏழெட்டுப் பெண்கள் வழியனுப்ப வந்து, சன்னலைச் சுற்றி அடைத்துக்கொண்டு நின்றார்கள். ரோஸின் தம்பி சத்தியதாஸ் பெட்டிகளை இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு, "அக்கா, பிலாயில போய் ஹிந்தி படிச்சுட்டு நம்மள மறந்துராதே" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்காமல் இருந்தால் யாராவது அழுதுவிடுவார்கள் என்ற நிலைமை.

லீலாபாய் மட்டும் சற்றுத் தள்ளி, ஒரு தூணின் மறைவில் நின்றாள். கையில் நேந்திரங்காய் வறுவல் பொட்டலம். அதைக் கொடுத்துவிட்டு ஓடிவிட வேண்டும் என்றுதான் வந்திருந்தாள்.

"லீலாக்கா, அங்க என்ன தூணத் தாங்கிப் பிடிச்சிட்டு நிக்கிய? அது விழாது, இங்க வாங்க" என்று சன்னலுக்குள்ளிருந்து ரோஸ் கூப்பிட்டாள்.

போனாள். பொட்டலத்தை நீட்டினாள். ரோஸ் இரண்டு மணிக்கட்டுகளையும் சன்னல் கம்பிக்கு வெளியே நீட்டி, "விரலு கேக்காது. ரெண்டுக்கும் நடுவுல வையுங்க" என்றாள். அந்த விரல்கள் பத்தும் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. காற்றில் ஒருபக்கமாகப் படுத்துவிட்ட நாற்றுப்போல. நான்கு வருடங்களுக்கு முன் அந்த விரல்கள் ஊசியில் நூல் கோத்தால் பார்க்கிறவருக்கு நூல் தானாகவே நுழைந்ததுபோல் இருக்கும்.

பொட்டலத்தை வைத்தபோது லீலாபாயின் தோளிலிருந்து முழங்கைவரை தீப்பற்றியதுபோல் எரிந்தது. அவள் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. காட்டாமலிருக்க அவளுக்கு நல்ல பழக்கம் இருந்தது.

ரோஸ் அவள் முகத்தைப் பார்த்து, "உங்களுக்காவது அது போச்சே அக்கா. ரெண்டுபேர்ல ஒருத்திக்காவது" என்றாள்.

அதில் குத்தல் எதுவும் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. ரயில் நகர்ந்தபோது மற்றவர்கள் கையசைத்தார்கள். லீலாபாய் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு நின்றாள். பார்த்தவர்கள், பாவம், எவ்வளவு அன்பு என்று நினைத்துக்கொண்டார்கள்.

*

லீலாபாய் சாலைக் கடைத்தெருவுக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்ப் பள்ளியில் ஆரம்ப வகுப்பு ஆசிரியை. கணவர் ஞானசிகாமணி பஸ் பணிமனையில் மெக்கானிக். ஒரே மகன் ஆன்சன். வலி தொடங்கிய வருடம் 1994. எந்த நாள் என்று அவளால் சொல்ல முடியாது. காய்ச்சல்போல ஒரு நாள் வந்து படுக்கவைக்கிற சங்கதியாக அது வரவில்லை. முதலில் கழுத்து. பிறகு தோள்பட்டை. பிறகு இடுப்பு, தொடை, முழங்கால். ஒரு வருடத்துக்குள் உடம்பில் வலிக்காத இடம் எது என்று தேட வேண்டியதாயிற்று. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும், இரவெல்லாம் யாரோ அவளை உலக்கையால் இடித்துவிட்டு விடியும்போது எழுப்பிவிட்டதுபோல் இருக்கும். பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிறவள் முழங்கை பட்டால் கண்ணில் நீர் வரும்.

ஆனால் வெளியே பார்க்க ஒன்றும் இல்லை. வீக்கம் இல்லை, சிவப்பு இல்லை. நகரத்தில் மூன்று டாக்டர்களைப் பார்த்தார்கள். ரத்தம், சிறுநீர், எக்ஸ்ரே எல்லாம் சரியாக இருந்தன. ஒவ்வொரு முறையும் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "பேடிக்காண்ட டீச்சரே, எல்லாம் நார்மல்" என்று பயம் தெளிவிக்கிறவர்போல் சிரிப்பார். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் லீலாபாய்க்கு உச்சி குளிர வேண்டும். மாறாக, கடையில் எதையோ எடுத்து ஒளித்துவைத்துப் பிடிபட்டவள்போல் கூசிப்போவாள். வெளியே வந்ததும் ஞானசிகாமணி ஒன்றும் சொல்லமாட்டார். பஸ் ஸ்டாப்வரை பேசாமல் நடப்பார். அது சொல்வதைவிட மோசம்.

பள்ளியில் தலைமையாசிரியை சரஸ்வதியம்மாள் ஒருநாள் எல்லார் முன்னாலும், "லீலாபாயோட வலிக்கு நம்ம டைம்டேபிள் நன்னாத் தெரியும். பரீட்சைப் பேப்பர் திருத்தற வாரம் தவறாம வந்துடும்" என்றாள். அறையிலிருந்தவர்கள் சிரித்தார்கள். லீலாபாயும் சிரித்தாள். வேறென்ன செய்வது?

அப்படியிருக்கும்போதுதான் நாலாவதாக ஒரு டாக்டர், வாதத்துக்கான ரத்தப் பரிசோதனையில் லேசாக ஏதோ தென்படுகிறது என்று சொல்லி, "இது ஆமவாதத்தின் தொடக்கமாக இருக்கலாம்" என்றார். லீலாபாய் அன்று வீட்டுக்கு வந்த வரத்தைப் பார்த்தால் யாரும் அவளுக்குப் பரிசு விழுந்திருக்கிறது என்றுதான் நினைத்திருப்பார்கள். ஆமவாதம்! சபையில் ரோஸுக்கு இருக்கிறதே, அந்த முடக்குவாதம். எல்லாருக்கும் தெரிந்த நோய், பெயருள்ள நோய். யாரும் இனி நடிப்பு என்று சொல்ல முடியாது.

ரோஸ் மெயின் ரோட்டோரம் ஒற்றை அறையில் தையல் கடை வைத்திருந்தாள். சுற்றியுள்ள தெருப் பெண்களுக்கெல்லாம் ரவிக்கை தைப்பது அவள்தான். சில வருடங்களாக அவளுக்குக் காலையில் விரல் மடக்க முடியாது. முட்டுகள் சேப்பங்கிழங்குபோல் வீங்கி, தொட்டால் சுடும். மெடிக்கல் காலேஜில் வாரம் ஒருமுறை விழுங்குகிற மாத்திரை கொடுத்திருந்தார்கள். அதைத் தவறாமல் சாப்பிட்டதில் வீக்கம் வற்றி, தையல் தடையில்லாமல் நடந்தது. லீலாபாய்க்கும் ஆமவாதம் என்று கேள்விப்பட்டதும் ரோஸ் ஓடிவந்தாள். "வாங்க அக்கா, நம்ம ரெண்டுபேரும் சேந்து ஒரு சங்கம் தொடங்கலாம். நீங்க பிரசிடென்ட், நான் செக்ரட்டரி."

டாக்டர் லீலாபாய்க்குக் கொடுத்தது கொஞ்ச நாளைக்கான ஸ்டீராய்டு மாத்திரை. அது 1997 ஏப்ரல் மாதம், பள்ளி விடுமுறை. ஏறுவதற்குப் பஸ் இல்லை, எழுதுவதற்குக் கரும்பலகை இல்லை. கூடவே சபையில் உபவாச ஜெபம், கன்வென்ஷன். ஒரு காலையில் கண் விழித்தபோது வலி இல்லை. படுக்கையிலேயே கைகால்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தாள். இல்லவே இல்லை. ஞானசிகாமணியை எழுப்பி, "இஞ்சேருங்க, போயிட்டு!" என்றாள். அவர் திருடன் வந்து போய்விட்டான் என்று நினைத்து எழுந்து கதவைப் பார்த்தார்.

மாத்திரையும் ஓய்வும் ஜெபமும் எது எவ்வளவு செய்தது என்று பிரித்துப் பார்க்க அவளுக்கு அன்று தோன்றவில்லை.

*

அந்தச் சபையில் ஒரு வழக்கம். சுகம் கிடைத்தவர்கள் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எழுந்து சாட்சி சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு வீட்டுத் தோட்டத்தில் விளைந்ததைக் காணிக்கையாகக் கொண்டுவந்து வைத்தால் அதை முற்றத்தில் ஏலம் விடுவார்கள். யார் கூடக் கேட்கிறார்களோ அவர்கள் அந்த ஆசீர்வாதத்தில் பங்கு பெற்றதாகக் கணக்கு. சாட்சிக்கென்று ஒரு வடிவமும் உண்டு. யாரும் எழுதிவைக்காவிட்டாலும் எல்லாருக்கும் தெரியும். முதலில் பாடு. பிறகு டாக்டர்கள் கைவிட்டது. பிறகு மருந்தைத் தூக்கி எறிந்தது. பிறகு சுகம். இதில் ஒன்று குறைந்தாலும் கேட்கிறவர்களுக்கு உப்பில்லாத கஞ்சி குடித்ததுபோல் இருக்கும்.

லீலாபாய் எழுந்து நின்றபோது நடந்ததை நடந்தபடி சொல்லத்தான் நினைத்தாள். ஆனால் பெண்கள் பக்கத்திலிருந்து "ஸ்தோத்திரம்" என்ற சத்தம் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எழ எழ, நாக்கு தானாக அந்த வடிவத்தில் ஓடியது. ஆமவாதம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததாகச் சொன்னாள். அவர் 'இருக்கலாம்' என்று சொன்னதை விட்டுவிட்டாள். இது வாழ்நாள் முழுக்க மாறாது என்று டாக்டர் கைவிரித்ததாகச் சொன்னாள். அப்படி அவர் சொல்லவில்லை. கடைசியில், "மாத்திரைய எல்லாம் கெணத்தடியில கொட்டினேன். அன்னைக்கே சொகம் கிட்டிச்சு" என்றாள். மாத்திரை முந்தின வாரமே தீர்ந்துபோயிருந்தது.

இத்தனை பேர் தன்னை நம்பிப் பார்த்தது அந்த மூன்று வருடத்தில் அதுவே முதல்முறை.

அவள் கொண்டுவந்த ரசகதலி வாழைக்குலையை முற்றத்தில் ஏலம் விட்டார்கள். கேட்பு ஏற ஏற ஒவ்வொருவராக ஒதுங்கினார்கள். ரோஸ் மட்டும் ஒதுங்கவில்லை. "சத்தியதாஸே, நீ வாய மூடு. இந்தக் குலை எனக்காக்கும்" என்று தம்பியை அடக்கிவிட்டுக் கேட்டு எடுத்தாள். தலையில் வைத்துக்கொண்டு போனபோது திரும்பி லீலாபாயைப் பார்த்துச் சிரித்தாள்.

பள்ளி திறப்பதற்குள் வலி திரும்பி வந்துவிட்டது. விருந்துக்குப் போய்விட்டு வீட்டுக்கு வருகிற ஆளைப்போல, இந்த இடம் எனக்குத்தான் என்று வந்து உட்கார்ந்தது.

யாரிடம் சொல்வது? ஞானசிகாமணியிடம்கூடச் சொல்லவில்லை. அவர் பணிமனையில் எல்லாரிடமும் சொல்லி, ஒரு வேற்றுமதக்காரரைக்கூட ஜெபக்கூட்டத்துக்குக் கூட்டிவந்திருந்தார். அதனால் லீலாபாய் ஒளிக்கக் கற்றுக்கொண்டாள். கரமனையில் தன்னைத் தெரியாத ஒரு மருந்துக்கடையில் தலைவலி என்று சொல்லி மாத்திரை வாங்கினாள். கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாததால் கரும்பலகையின் கீழ்ப்பாதியில் மட்டும் எழுதினாள். ஒருமுறை ஆய்வுக்கு வந்த அதிகாரி அதைக் கவனித்து, சின்னப் பிள்ளைகளின் கண்மட்டத்தில் எழுதுகிறார், நல்ல முறை என்று பாராட்டிவிட்டுப் போனார். சரஸ்வதியம்மாள் மற்ற ஆசிரியைகளையும் அப்படி எழுதச் சொன்னாள். லீலாபாய்க்கு எங்கேயாவது போய் முகத்தைப் புதைத்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

இவ்வளவோடு நின்றிருந்தால் அது அவளோடு போயிருக்கும். ஓணம் கழிந்து ஒரு சாயங்காலம் ரோஸ் வீட்டுக்கு வந்தாள். அடுக்களைவரை வந்து, கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அக்கா, உள்ளதைச் சொல்லணும். அது நெசமா போயிட்டா? கொஞ்சம்கூட இல்லியா?" என்று கேட்டாள்.

லீலாபாய் அப்போது தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கழுத்திலிருந்து முதுகுவரை இழுத்துப்பிடித்து, துருவலை நிறுத்தி நிறுத்தித்தான் துருவ முடிந்தது. "எதுக்கு கேக்கிய?" என்றாள்.

"இல்ல, அந்த மாத்திரை தின்னா ரெண்டு நாள் குமட்டல். மாசாமாசம் ரத்தம் கொடுக்கப் போணும், கடைய அடச்சிட்டு. உங்களுக்கு எல்லாத்தையும் கொட்டின பிறகுதான போச்சு. எனக்கு விசுவாசம் போதல்லியோண்ணு ஒரு நெனப்பு." ரோஸ் சிரிக்கப் பார்த்தாள். "நீங்க சொன்னா நானும் கொட்டிருவேன்."

நிறுத்தாதே என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று சொன்னால் சபை, ஞானசிகாமணி, அந்தக் குலை, அந்த ஸ்தோத்திரங்கள், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து வாசலில் நிற்கும். மறுபடியும் நடிப்புக்காரி. இம்முறை நிரூபணத்தோடு.

"போச்சு" என்றாள் லீலாபாய். தேங்காயைத் திருப்பிப் பிடித்துக்கொண்டாள். "கொஞ்சம்கூட இல்ல."

ரோஸ் மாத்திரையை நிறுத்தினாள். முதல் சில மாதங்கள் ஒன்றும் ஆகவில்லை. ரோஸ் சந்தோஷமாகத்தான் இருந்தாள். பிறகு வீக்கம் வந்தது. வந்தபோது அவள் டாக்டரிடம் போகாமல் இன்னும் உபவாசம் இருந்தாள். தம்பி சண்டை போட்டு அவளை மெடிக்கல் காலேஜுக்குத் தூக்கிக்கொண்டு போனபோது விரல் மூட்டுகள் உள்ளே அரிக்கப்பட்டுவிட்டன என்று எக்ஸ்ரே சொன்னது. தையல் கடை மூடிற்று. தனியாக எத்தனை நாள் சமைத்துச் சாப்பிட முடியும்? பிலாய் உருக்காலையில் வேலை பார்க்கும் மகன் வந்து கூப்பிட்டான்.

*

2007-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் சிக்குன்குனியா திருவனந்தபுரத்தை மொத்தமாகப் படுக்கவைத்தது. தெருவில் நிமிர்ந்து நடக்கிறவரைக் காண்பது அபூர்வம். ஞானசிகாமணி கட்டிலிலிருந்து கழிப்பறைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் போவார். "என்னப் பாத்து சிரிக்காதே லீலா. நண்டாட்டு நடக்கேன்."

லீலாபாய் அவருக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். அந்த வாரம் அவளுக்குக் காய்ச்சல் வரவில்லை. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போனபோது, பத்து வருடத்தில் முதல்முறையாக, நொண்டிக்கொண்டு போனாள்.

"டீச்சருக்கும் பிடிச்சிட்டா?" என்று வாசலில் ஒருத்தி கேட்டாள்.

"ஆமா, பிடிச்சிட்டு" என்றாள் லீலாபாய்.

அதைச் சொன்னபோது வந்த ஆறுதலை அவள் பின்னால் நினைத்து நினைத்துக் கூசினாள். எல்லாரும் பட்ட துன்பத்துக்குள் தன்னுடையதைக் கொண்டுபோய் ஒளித்துவைத்தாள். இனி முனகலாம். படியில் நின்று மூச்சு வாங்கலாம். 'எனக்கு முட்டு', 'எனக்கு கணுக்கால்' என்று பெண்கள் சொல்லும்போது, 'எனக்கு எல்லா இடமும்' என்று சொல்லலாம். யாரும் புருவம் உயர்த்தமாட்டார்கள். அடுத்த ஊர் டாக்டர் அவளைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், வரிசையில் நின்ற எல்லாருக்கும் எழுதியதையே எழுதிக் கொடுத்தார்.

கிறிஸ்துமஸுக்குள் தெரு நிமிர்ந்துவிட்டது. ஈஸ்டருக்குள் ஞானசிகாமணி ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினார். லீலாபாய் மட்டும் நிமிரவில்லை. காய்ச்சலுக்குப் பிந்தைய மூட்டுவலி சிலருக்கு நீளும் என்று அந்த டாக்டர் மறுபடி ஸ்டீராய்டு கொடுத்தார். முகம் உப்பியது, சர்க்கரை ஏறியது, வலி அப்படியே இருந்தது. கழக்கூட்டத்தில் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை செய்த ஆன்சன் ஒரு சனிக்கிழமை வந்து அம்மாவைப் பார்த்துவிட்டு, "இது மதி, போதும். நான் கொண்டுபோறேன்" என்று நகரத்தில் ஒரு வாதநோய் டாக்டரிடம் கூட்டிப்போனான்.

டாக்டர் ஜெயலக்ஷ்மி வலியசாலை அக்கிரகாரத்துத் தமிழ்க்காரி. லீலாபாய் தமிழ் என்று தெரிந்ததும் மலையாளத்தை விட்டுவிட்டாள்.

"எப்போலேர்ந்து வலிக்கறது?"

"சிக்குன்குனியாவுக்கு பிறகு டாக்டர்."

"அதுக்கு முன்னாடி?"

"ஒண்ணும் இல்ல." பக்கத்தில் ஆன்சன் இருந்தான்.

டாக்டர் விரல் மூட்டுகளை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தாள். வீக்கம் இருக்கிறதா, சூடு இருக்கிறதா என்று புறங்கையால் தொட்டாள். காலையில் எழுந்தால் எவ்வளவு நேரம் கை விறைத்திருக்கும், வாயில் புண் வருமா, வெயில் பட்டால் முகத்தில் தடிப்பு வருமா, முடி கொட்டுகிறதா, குளிர் தாங்குகிறதா என்று கேட்டாள். பிறகு எழுந்து பின்னால் வந்து, பிடரியில் கட்டைவிரலை வைத்து, நகம் வெளுக்கும்வரை அழுத்தினாள். லீலாபாய் துள்ளினாள். கழுத்தின் முன்பக்கம், தோள்பட்டை, மார்பின் மேல்விளிம்பு, முழங்கைக்குக் கீழே, இடுப்பு, முழங்காலின் உள்பக்கம் என்று இரண்டு பக்கமும் அழுத்திக்கொண்டே போனாள். ஏறக்குறைய எல்லா இடத்திலும் லீலாபாய் துள்ளினாள். நடுவில் நெற்றியிலும் அதே அளவு அழுத்தினாள். அங்கே ஒன்றும் இல்லை.

"தூங்கி எழுந்தா அலுப்புத் தீர்றதா?"

இந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை. லீலாபாய் பதில் சொல்வதற்கு முன் கண் நிறைந்துவிட்டது.

ரத்தம் கொடுத்து, அடுத்த வாரம் போனார்கள். தைராய்டு சரி. வீக்கத்தைக் காட்டும் அளவுகள் சரி. கை எக்ஸ்ரேயில் எலும்பு பளிங்குபோல் இருந்தது. டாக்டர் ஒரு தாளை மட்டும் தனியாக எடுத்துவைத்துக்கொண்டாள்.

"டீச்சர், சிக்குன்குனியா வந்து போனா ரத்தத்துல அதோட தடம் ரொம்ப நாள் இருக்கும். உங்க ரத்தத்துல அது இல்லை. உங்களுக்குச் சிக்குன்குனியா வந்ததே இல்லைன்னு தோணறது." குரலில் குற்றம் சாட்டுவது எதுவும் இல்லை. "எப்போலேர்ந்து வலிக்கறதுன்னு நீங்க நிஜமாச் சொன்னாத்தான் இது என்னன்னு நான் சொல்ல முடியும். தப்பாச் சொன்னா இன்னும் ஸ்டீராய்டுதான் தின்னுண்டிருப்பேள்."

லீலாபாய் மடியிலிருந்த பையின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகன் அவளைப் பார்க்கிறான் என்று தெரிந்தது.

"பதினாலு வருஷமாட்டு" என்றாள்.

"நடுவுல விட்டுதா?"

"தொண்ணூத்தேழுல ஒரு மாசம். ஒரு மாசம்கூட இல்ல."

ஆன்சன், "அம்மா!" என்றான். சாட்சி சொன்ன அன்று அவன் பாடகர் குழுவில் முதல் வரிசையில் நின்றிருந்தான்.

டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொன்னாள். ஃபைப்ரோமயால்ஜியா. லீலாபாய் அதை ஒருமுறை சொல்லிப் பார்த்து, பாதியில் விட்டாள். வலியை உணர்த்துகிற நரம்புகளும் மூளையும் சின்னத் தொடுதலைக்கூடப் பெரிதாக்கிக் காட்டுகிற நிலைமை. தூக்கமும் சேர்ந்து கெடும். மூட்டை அரிக்காது, விரலை வளைக்காது, எந்த ரிப்போர்ட்டிலும் அகப்படாது. "ரிப்போர்ட் நார்மல்னா வலி பொய்னு அர்த்தம் இல்லை. இந்த வலி நிஜம்" என்றாள் டாக்டர். படுக்கப்போகும் முன் சாப்பிடக் குறைந்த அளவில் ஒரு மாத்திரை எழுதினாள். தினமும் நடக்கச் சொன்னாள். முதல் வாரம் தெருமுனைவரை போதும் என்றாள். முழுக்கப் போய்விடும் என்று சொல்லவில்லை.

பதினாலு வருடம் காத்திருந்த வார்த்தை 'இந்த வலி நிஜம்'. அதைக் கேட்டு லீலாபாய் கும்பிட்டிருக்க வேண்டும். அவள் கேட்டது வேறு. "அப்பொ எனக்கு ஆமவாதம்?"

"இருந்ததே இல்லை. அந்த ரத்தப் பரிசோதனை லேசாக் காட்டறது ஒண்ணுமில்லாதவாளுக்கும் சில சமயம் வரும்."

"உள்ளபடி ஆமவாதம் இருக்கிற ஒருத்தி மாத்திரைய நிறுத்தினா?"

"ஐயோ, அது நிறுத்தக்கூடாது. மூட்டை அரிச்சுடும். ஏன், யாராவது நிறுத்திட்டாளா?"

லீலாபாய் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். இல்லாத நோய் குணமானது என்று சாட்சி சொல்லி, இருக்கிற நோய்க்காரியின் மருந்தைப் பறித்திருக்கிறாள். பொய் சொன்னது தெரிந்ததுதான். எவ்வளவு பெரிய பொய் என்பது இப்போதுதான் தெரிந்தது.

திரும்பி வரும்போது காரில் ஆன்சன், "நல்லதுதான அம்மா? பெரிய அசுகம் ஒண்ணும் இல்லல்லோ" என்றான். கொஞ்சதூரம் போனபின், "ரோஸ் மாமிக்கு இது தெரியுமா?" என்று கேட்டான்.

அந்த வாரமே அவள் போதகரைப் பார்க்கப் போனாள்.

*

போதகர் புதியவர், இளைஞர். லீலாபாய் சொன்னதைக் கேட்டுவிட்டு, "பத்து வருஷத்துக்கு முந்தின காரியம் டீச்சர். இப்ப சொன்னா பலவீனமான விசுவாசிகள் இடறிப்போவாங்க. கர்த்தர்கிட்ட சொன்னீங்கல்லோ, அது போதும்" என்றார். அதைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட லீலாபாய்க்கு ஆசைதான். நாலைந்து வாரம் அந்த ஆசையோடு இருந்தாள். அப்போது பெண்கள் சங்கத்தில் ஒருத்தி, சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்கிறவள், "லீலாபாய் டீச்சருக்கு ஆமவாதமே போச்சே, இதென்ன பெரிசு" என்று யாரிடமோ சொல்வது காதில் விழுந்தது.

அந்த வியாழக்கிழமைப் பெண்கள் சங்கக் கூட்டத்தில் லீலாபாய் எழுந்து நின்றாள். இம்முறை வடிவம் எதுவும் கைகொடுக்கவில்லை. "எனக்கு அன்னைக்கு சொகம் கிட்டல்ல. மாத்திரைய நான் கொட்டவும் இல்ல, அது தீந்து போச்சு. எனக்கு உள்ளது ஆமவாதமும் இல்ல. ரோஸ் வந்து கேட்டப்பவும் பொய்தான் சொன்னேன். அவ மாத்திரைய நிறுத்தினது என்னாலயாக்கும். மருந்து தின்னுறவங்க யாரும் என்னச் சொல்லி நிறுத்தாதீங்க."

ஸ்தோத்திரம் இல்லை. பின்வரிசையில் ஒருத்தி பக்கத்திலிருப்பவளிடம், "அப்பொ அன்னைக்கும் நடிப்பு, இன்னைக்கும் நடிப்பா?" என்று மெதுவாகக் கேட்டாள், மெதுவாகக் கேட்டாலும் அது அறை முழுக்கக் கேட்டது. முன்வரிசையில் இருந்த செயலாளர் அவசரமாக ஒரு பாட்டைத் தொடங்கினாள். எல்லாரும் ஆவலோடு சேர்ந்துகொண்டார்கள். லீலாபாய் நின்றபடியே கொஞ்சநேரம் இருந்துவிட்டு, பாட்டின் நடுவில் உட்கார்ந்தாள். பிறகு அங்கே யாரும் அவளோடு சண்டை போடவில்லை. சபை விருந்துகளில் அவள் பாத்திரம் கழுவப் போனால் மற்றவர்கள் கழுவி முடித்திருப்பார்கள்.

ஞானசிகாமணி கேள்விப்பட்டு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். கடைசியில், "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம் லீலா. நான் உன்கூட கெடக்கிறவன்" என்றார். மறுநாள் சாயங்காலம் செருப்பை மாட்டிக்கொண்டு, "தெருமுனைவரைதான? வா" என்று வாசலில் நின்றார்.

ரோஸ் மீதியிருந்தாள். லீலாபாய் சத்தியதாஸிடம் நம்பர் வாங்கி இரண்டுமுறை கூப்பிட்டாள். இரண்டுமுறையும் ரோஸின் மருமகள் ஹிந்தி கலந்த தமிழில் யாரு யாரு என்று கேட்க, லீலாபாய் வைத்துவிட்டாள். பிறகு ஆன்சனிடம் மெசேஜ் அடிக்கக் கற்றுக்கொண்டு, ஆங்கில எழுத்தில் தமிழாக, ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து அடித்தாள். நீ கேட்டபோது எனக்கு வலி இருந்தது, போச்சு என்று சொன்னது பொய், எனக்கு வந்தது ரத்தத்தில் தெரியாத வேறு வலி, உன்னுடைய நோயே அல்ல என்று ஒரு டாக்டர் அமுக்கிப் பார்த்துச் சொன்னாள், உன் விரலுக்கு நான்தான் காரணம். மன்னிப்பு என்ற வார்த்தையை அடித்தாள், கேட்கக் கூச்சமாக இருந்தது, அழித்தாள். அனுப்பினாள்.

பதில் வரவில்லை. ஒவ்வொரு தடவை போன் கிணுங்கும்போதும் விரைந்துபோய் எடுத்துப் பார்த்தாள். மாதங்கள் போயின. விரைவதும் மெல்ல நின்றது. மாத்திரையிலும் நடையிலும் வலி பாதியாகக் குறைந்தது. சில வாரம் முக்கால்வாசியாகத் திரும்பி வந்தது. பள்ளியில் கரும்பலகையின் கீழ்ப்பாதியில் எழுதுவதற்குக் காரணம் என்ன என்று சரஸ்வதியம்மாளிடம் சொன்னாள். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு ஒரு நாற்காலியை வகுப்புக்கு அனுப்பினாள்.

அடுத்த வருடமும் கழிந்து, 2010 தொடக்கத்தில், பஸ்ஸில் வரும்போது அந்த மெசேஜ் வந்தது. நம்பருக்குப் பெயர் இல்லை. லீலாபாய் இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் வாசித்தாள்.

"லீலாக்கா, ரோஸாக்கும். நான் சொல்லச்சொல்ல பேத்தி அடிச்சுத் தாறா. நீங்க போட்டதை அன்னைக்கே வாசிச்சேன். பதில் போட மனசு வரல்ல. கோவம்தான். அந்த அடுக்களையில நிறுத்தாதேண்ணு ஒரு வார்த்த சொல்லியிருந்தா மதி, காரணம்கூட நான் கேட்டிருக்கமாட்டேன். இப்பவும் கோவம் உண்டு. பொய் சொல்ல எனக்கு முடியாது. இங்க பக்கத்து குவார்ட்டர்ஸ்ல ஒரு பிள்ள இருக்கு. உடம்பு மொத்தம் வேதனைங்கா, தூங்கி எந்திச்சாலும் தீரல்லங்கா. ரத்தத்தில ஒண்ணும் இல்ல. மாமியார் நடிப்புண்ணு சொல்லுதா. அவ கை நான் பாத்தேன், என் கைபோல இல்ல, நீங்க சொன்னது ஓர்மை வந்தது. அந்த டாக்டர் எங்கெல்லாம் அமுக்கிப் பாத்தா, என்னெல்லாம் கேட்டாண்ணு ஒண்ணுவிடாம எழுதி அனுப்புங்க. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்."